அந்தக் காது முளைக்கும்வரை

திங்கட்கிழமை காலை வாப்பாவும் நானும் கிணற்றிலிருந்து பம்பை வெளியே இழுத்தோம். மணல் புகுந்து மோட்டார் திணறிக்கொண்டிருந்தது. கிணற்றின் ஆழம் முப்பத்தாறு மீட்டர். கயிற்றின் ஒரு நுனி பம்பில், நடுவில் கப்பி, மறுநுனி எங்கள் பெட்டை ஒட்டகத்தின் சேணத்தில். ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வாப்பா கிணற்றுக்கு முதுகைக் காட்டி நடப்பார். நான் கிணற்று வாயில் நின்று குழாயும் கேபிளும் உரசாமல் வாங்கிக்கொள்வேன். பம்ப் மேலே வர வர அவர் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பார். அது என் கைக்கு வரும்போது அவர் முப்பத்தாறு மீட்டர் தூரத்தில் இருப்பார்.

"வந்துடுச்சா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"வந்துடுச்சு வாப்பா. நில்லுங்க."

"நான் நின்னுட்டுத்தான் இருக்கேன். ஒட்டகத்துக்குச் சொல்லு."

வடிகட்டியைக் கழற்றி மணலைக் கழுவினேன். அவர் திரும்பி வந்து கருவேல நிழலில் தேநீருக்குக் கரி மூட்டினார். கன்று வந்து தாயின் மடியை முட்டியது. அதற்கு ஒரு வயது தாண்டிவிட்டது. உடம்பில் இன்னும் ஒரு குறியும் இல்லை.

"வியாழக்கிழமை சந்தைக்குப் போறேன்," என்றார். "கொல்லன் பிரெய்ஹிம்கிட்ட சூட்டுக்கோல் செய்யச் சொல்லியிருந்தேன். ஆயிருக்கும்."

"எத்மான் வீட்டுக் குறிதானே?"

"இல்ல. நம்ம புள்ளி."

"புள்ளி மட்டுமா?"

"மட்டும்தான். கொஞ்சம் பெருசா." தேநீரை உயரத் தூக்கி ஊற்றினார். "ஆனா முதல்ல எத்மான் மகன் ஷைபானி கூடாரத்துக்குப் போவேன். மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொல்லிட்டுத்தான் பிரெய்ஹிம்."

நான் பிறந்ததிலிருந்து காத்திருந்த செய்தி. வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்வியிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

புதன்கிழமை முற்பகல், கூடாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்த வாப்பா எழுந்திருக்கவில்லை. அஸர் தொழுகைக்கு முன் அடக்கம் செய்தாயிற்று.

அவர் பெயர் எப்னு. பத்தாஹ் என்பவரின் மகன். தகாந்த் மேட்டுநிலத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. காது எப்னு என்றார்கள். அவருக்கு இரண்டு காதுகளும் நன்றாகத்தான் இருந்தன.

எங்கள் பக்கத்து ஏற்பாடு எளிமையானது. சிலரிடம் துப்பாக்கி இருந்தது. சிலரிடம் மார்க்கக் கிதாபு இருந்தது. எங்களிடம் ஆடும் ஒட்டகமும் இருந்தன. ஆகவே மற்ற இரு தரப்புக்கும் எங்கள்மேல் அக்கறை இருந்தது. கிதாபுக்காரர்கள் எங்களுக்காக துஆ செய்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் எங்களைக் காத்தார்கள். யாரிடமிருந்து என்று கேட்கக்கூடாது. பெரும்பாலும் தங்கள் சொந்தப் பெரியப்பா மக்களிடமிருந்து. அந்தக் காவலுக்காக வருஷம் ஒரு கறவை ஒட்டகம், மழைக்காலத்தில் ஒரு தோல்பை நெய், பெருநாளுக்கு ஒரு கிடா, போகிற வழியில் தங்கினால் விருந்து. அவர்கள் எங்கே போனாலும் எங்கள் கூடாரம் வழியில்தான் இருந்தது. எங்கள் வகையினருக்கு அவர்கள் வைத்த பெயர் சதை. எலும்பு அவர்கள், சதை நாங்கள். உடற்கூறு படித்தவர்கள்.

நாங்கள் அடிமைகள் இல்லை. அதை எங்கள் பெரியவர்கள் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள். எங்களுக்குக் கீழே அடிமைகள் இருந்தார்கள், ஓரமாகக் கொல்லர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் மூக்கைச் சுளித்துக்கொள்ள முடிந்தது. அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

எங்கள் ஒட்டகங்களின் இடது கழுத்தில், எங்களைக் காத்த எத்மான் வீட்டுக் குறி இருக்கும். கொம்புபோல இரண்டு வளைவு, குறுக்கே ஒரு கோடு. அதற்கு அடியில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளிதான் நாங்கள். பார்ப்பவர்கள் முதலில் எத்மானைப் படிப்பார்கள். கண் நன்றாகத் தெரிந்தால் எங்களையும் படிப்பார்கள்.

வாப்பாவுக்கு இருபது வயது இருக்கும்போது எத்மான் வந்து, அந்த வருஷத்துக் கறவையாக அவருடைய செல்ல ஒட்டகத்தையே ஓட்டிக்கொண்டு போனார். பெயர் ஸெர்கா. குட்டியிலிருந்து கையில் பால் கொடுத்து வளர்த்தது. இந்தக் காவல் வரியைச் சட்டம் ஒழித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரன் ஒழித்துவிட்டு, நாட்டையும் விட்டுப் போய்விட்டான். எத்மானுக்கு மட்டும் தகவல் வந்து சேரவில்லை.

வாப்பா காவலை மாற்றிக்கொள்ள முடிவு செய்தார்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாரிடம் போய்ச் சேர விருப்பமோ அவருடைய சவாரி ஒட்டகத்தின் காதை அறுக்க வேண்டும். அறுத்தால் அது நட்டம், அவமானம். நட்டத்துக்கு ஈடாக அறுத்தவனையே அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். பழைய எஜமானன் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இது அடிமைகளின் வழி. நாங்கள் சுதந்திரமானவர்கள், ஆகையால் எங்களுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. வாப்பா அடிமைகளிடமிருந்து அதைக் கடன் வாங்கினார்.

வடக்கே மூன்று நாள் தூரத்தில் லெமீன் என்றொருவர் இருந்தார். அவரும் துப்பாக்கி வீட்டுக்காரர்தான். வாப்பா ஆறு மாதம் விசாரித்துத் தேர்ந்தெடுத்தார்.

"அவரு நல்லவரா வாப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"சோம்பேறி. வரி கேட்டு வர எழுந்திரிக்கவே மாட்டாருன்னு சொன்னாங்க. அதவிட நல்லவன் எங்க கிடைப்பான்?"

மூன்று நாள் நடந்து, உச்சி வெயிலில், எல்லோரும் படுத்திருக்கும் நேரத்தில் லெமீனின் கூடாரத்தை அடைந்தார். வாசலில் ஒரு வெள்ளை ஒட்டகம் சேணத்தோடு மண்டியிட்டிருந்தது. இவ்வளவு நல்ல ஒட்டகம் வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்க வேண்டும். வலப்பக்கமாகப் போனார். கத்தியை எடுத்தார். வலது காதில் பாதியை அறுத்தார்.

ஒட்டகம் போட்ட கூச்சலில் கூடாரத்திலிருந்து முதலில் வெளியே வந்தவர் எத்மான்.

அன்று காலைதான் லெமீனைப் பார்க்க விருந்தாளியாக வந்திருக்கிறார். ஒட்டகம் அவருடையது. இடது கழுத்தில் கொம்பு, குறுக்குக்கோடு, எல்லாம் தெளிவாக இருந்தது. இடப்பக்கம் நான்கு அடி வைத்துப் பார்த்திருந்தால் போதும். கிணறு தோண்டிப் பம்ப் போடுவது என் வேலை; எந்த மின்பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைக்கிறார்கள்.

எத்மான் கத்தியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து சிரித்தாராம்.

"என்மேல இவ்வளவு பிரியமாடா எப்னு? ஏற்கெனவே என் ஆளுதானே நீ! கேட்டிருந்தா ரெண்டாந்தடவையும் சும்மாவே சேத்துக்கிட்டிருப்பேனே. பாவம், ஒட்டகத்த ஏன்டா படுத்தின?"

லெமீனும் எழுந்து வந்து சிரித்தார். எழுந்து வந்ததே பெரிய விஷயம் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்களாம்.

தீர்ப்பு அங்கேயே முடிந்தது. பிறப்பால் எத்மானின் ஆளாக இருந்த வாப்பா, அன்றிலிருந்து விருப்பத்தாலும் எத்மானின் ஆளானார். எவ்வளவு காலத்துக்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "அந்தக் காது முளைக்கிற வரைக்கும்," என்றார் எத்மான். அதற்கும் சிரித்தார்கள்.

வாப்பாவைத் தவிர.

என் உம்மா ஸெல்கா அதற்கு அடுத்த வருஷம் அவரைக் கட்டிக்கொண்டார். உம்மாவின் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. காது அறுத்தவனுக்குப் பெண்ணா என்று அவருடைய அண்ணன்கள் குதித்திருக்கிறார்கள். உம்மா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் வாப்பாமேல் கோபம் வந்தால்கூட அதையே சொல்லுவார்.

"மத்தவனெல்லாம் கிடைச்ச எஜமானனோட கிடந்தான். இந்த ஆளு ஒருத்தர்தான் தேடிப்போனாரு. பாக்கத் தெரியாமப் போனது வேற கதை."

வாப்பாவுக்கு வேறு எல்லாம் பார்க்கத் தெரியும். மணலில் கிடக்கும் சாணியை உடைத்து, ஒட்டகம் எந்த ஓடையில் மேய்ந்தது, எத்தனை நாள் தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். நான் கொண்டுபோன செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு, கிணறு தோண்ட நான் குறித்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளிப் போய்க் குச்சியை நட்டார். தண்ணீர் அவருடைய குச்சியில்தான் வந்தது. அறிக்கையில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். "உன் பேரே இருக்கட்டும், என் பேர்ல காது வந்துடும்," என்றார்.

பெரும் வறட்சி வந்தது. எங்களுக்கு முப்பது ஒட்டகத்தில் நான்கு மிஞ்சின. எத்மான் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. மற்றவர்கள் வளர்த்ததைக் கொண்டுபோய் வைத்திருந்தவர்களுக்கு ஒட்டகத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை. காதறுந்த வெள்ளை ஒட்டகமும் செத்தது. நான் அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்தால், ஒட்டகமே போய்விட்டது, இனி எந்தக் காது எங்கே முளைக்கும் என்று கேட்டிருப்பேன். பிற்பாடு வேறு மாதிரி கேட்டேன்.

"சட்டமே ஒழிச்சாச்சு வாப்பா. அம்பது வருஷம் ஆச்சு. இன்னும் எதுக்கு அந்த வீட்டுக்குக் கிடா ஓட்டிட்டுப் போறீங்க?"

"சட்டம் எங்க வாப்பாமார் தலையில இருந்தத ஒழிச்சுது. காது நானா அறுத்தது."

"தெரியாம அறுத்தது."

"கத்திக்குத் தெரியுமா, தெரியாதான்னு?"

இதற்குமேல் அவரோடு பேச முடியாது. திஜிக்ஜாவில் என்னைப் படிக்க வைத்தார். அதற்கு இரண்டு பெட்டை ஒட்டகம் விற்றார். இரண்டின் கழுத்திலும் எத்மான் குறி. ஆகவே என் டிப்ளமோவிலும் எங்காவது ஒரு கொம்பும் குறுக்குக்கோடும் இருக்க வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

எத்மான் சாகக் கிடந்தபோது சுற்றியிருந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, மன்னிப்புக் கொடுத்தார். வாப்பாவும் கடைசி ஆளாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் எங்கள் ஒட்டகத்துப் பால். அந்த வீட்டில் அப்போது வேறு பால் இல்லை.

எத்மான் கண்ணைத் திறந்து, "முளைச்சுதா?" என்றாராம்.

"இன்னும் இல்ல."

கிழவர் சிரித்தார். இரண்டு நாளில் போய்விட்டார். அவருக்குக் கடைசியாகச் சிரிப்புக் காட்டியவர் என்ற பெருமை வாப்பாவுக்கு.

பிறகு மகன் ஷைபானி. வாப்பாவின் வயதுதான். ஒட்டகம் இல்லை, துப்பாக்கி துருப்பிடித்து யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். இருந்தது ஒரு கழுதையும் ஒரு நடையும். கழுதைமேல் உட்கார்ந்திருக்கும்போதும் அவரிடம் அந்த நடை இருக்கும். என் கிணற்றுக்கு அரைமணி தூரத்தில் கூடாரம் போட்டிருக்கிறார். என் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார். தண்ணீர் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களிடம், "நல்லா இருக்கா? நம்ம ஆளுங்க போட்ட கிணறு," என்பார்.

சூட்டுக்கோல் எத்மான் வீட்டில்தான் இருக்கும். ஒவ்வொரு கன்றுக்கும் வாப்பா அங்கே நடந்துபோய், கேட்டு வாங்கி வந்து, சூடு போட்டு, துடைத்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் புள்ளிக்குக் கோல் எதுவும் இல்லை. ஒரு பழைய ஆணியைப் பழுக்கக் காய்ச்சி வைப்பார். இந்தக் கன்றுக்கும் ரமலானுக்கு முன் கேட்கப் போனார். அன்று நானும் வண்டியில் கூடப் போனேன்.

"கோலா?" என்றார் ஷைபானி. தலையணையில் முழங்கையை ஊன்றிப் படுத்திருந்தார். "அது இல்ல எப்னு. மருமக கட்டில் சட்டத்தோட சேத்துப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டா."

கூடாரத்தின் பின்னாலிருந்து மருமகளின் குரல் வந்தது. "துருப்பிடிச்ச கம்பின்னு நெனச்சேன் மாமா! எத்தனை தடவ சொல்றது!"

"எங்க பாட்டனாரு காலத்துக் கோலு. துருப்பிடிச்ச கம்பியாம்." ஷைபானி வாப்பாவிடம் திரும்பினார். "ஒண்ணு பண்ணு. பிரெய்ஹிம்கிட்ட சொல்லி நீயே ஒண்ணு செஞ்சுக்க. குறி அவனுக்குத் தெரியும். செஞ்சு, சூடு போட்டுட்டு, கோல இங்க கொண்டாந்து வச்சிரு. எங்ககிட்டதானே இருக்கணும்."

வாப்பா சரி என்றார். மூன்று கோப்பைத் தேநீரும் குடித்தார். மரியாதையாக எழுந்து வந்தார். வண்டி பாதித் தூரம் வந்தது.

பிறகு, "காவல் காக்கிறவன் கையில நெருப்பாவது இருக்கணும்," என்றார். "நெருப்பையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கணும்னா, இங்க யாரு யாருக்குக் காவல்?"

ஐம்பத்து மூன்று வருஷம் ஆனது அவருக்கு அதைக் கேட்க. நான் வண்டியை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயம்.

அடக்கத்துக்கு ஷைபானி வந்தார். ஆண்கள் வரிசையில் நடுவில், முன்னால் உட்கார்ந்தார். வருகிறவர்கள் ஸலாம் சொல்லி அவருடைய கையைப் பிடித்துத் துக்கம் கேட்டார்கள். "என்ன செய்றது, என் ஆளு போயிட்டான்," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவருடைய கண்ணில் தண்ணீர் இருந்தது. அது பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் கிளம்பும்போது உம்மாவிடம் வந்தார்.

"கன்னுக்குச் சூடு வச்சாச்சா ஸெல்கா? கோல் செய்யச் சொல்லியிருந்தேனே."

"சொல்லியிருக்காரு," என்றார் உம்மா.

"நல்லவன். சொன்னாச் செய்வான்."

"ஆமா. தானா எதையாவது செஞ்சாதான் தப்பாப் போயிடும்," என்றார் உம்மா. ஷைபானி அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு கழுதையில் ஏறினார்.

அடுத்த வியாழக்கிழமை நான் கிளம்பினேன். வாப்பாவின் வரிசைப்படி முதலில் ஷைபானி, பிறகு பிரெய்ஹிம். கூடாரம் வழியில்தான் இருந்தது. வண்டியின் வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போனேன்.

பிரெய்ஹிம் சந்தையின் கடைக்கோடியில் இருக்கிறார். கொல்லர்களுக்கு எப்போதும் கடைக்கோடிதான். துருத்தியை விடாமலே பேசினார்.

"வா புள்ள. அடக்கத்துக்கு வந்திருந்தேன். பின்னால நின்னேன், நீ பாத்திருக்கமாட்ட."

"முன்னால ஷைபானி உக்காந்திருந்தாரு."

"அவருக்கென்ன, செத்தது அவரு ஆளாச்சே." கோணிக்கு அடியிலிருந்து கோலை எடுத்தார். "அம்பது வருஷமா எத்மான் வீட்டுக் கோலத்தான் சீர்பண்ணிக் குடுத்திருக்கேன். கொம்பு, வளைவு, கோடு. வேலைன்னா அது. இது என்ன? ஆணித்தலை. இதுக்குப் போய் மூணு தடவ திருப்பிக் குடுத்தாரு உங்க வாப்பா."

"ஏன்?"

"சின்னதா இருக்காம். 'இன்னும் பெருசு, இன்னும் பெருசு'ங்கறாரு. கடைசில அந்தத் தேநீர் கிளாசக் கவுத்து வச்சு, 'இந்த அளவு'ன்னாரு. 'ஒட்டகம் தாங்குமாய்யா'ன்னேன். 'நாங்க தாங்கலையா'ன்னாரு." துருத்தி நின்றது. "நல்லாத்தான் பேசுவாரு. எங்ககூட உக்காந்து டீயும் குடிப்பாரு. பட்டணம் போயிட்ட உன் அண்ணனுக்கு என் பொண்ணக் கட்டிக்கிறீங்களான்னு நான் கேட்டப்பதான் எழுந்து போயிட்டாரு."

இது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்திருக்கலாம். குறிக்கு அடியில் புள்ளியாக இருந்த நாங்களும் எங்களுக்குக் கீழே ஒரு புள்ளியைத் தேடிக்கொண்டுதான் இருந்தோம்.

கோலை அளந்து பார்த்தேன். வட்டத்தின் குறுக்களவு முப்பத்தெட்டு மில்லிமீட்டர். ஓரம் சுத்தமாக ராவியிருந்தது. நல்ல வேலை.

"சூடு போடுறதுக்கு முன்னால ஷைபானிகிட்ட சொல்லணும்னு இருந்தாரு," என்றேன். "காது அறுத்தவரு சொல்லவேண்டியத மக சொன்னாச் செல்லுமா?"

"அதெல்லாம் கிதாபுக்காரங்களக் கேளு. எனக்கு இரும்பு தெரியும். இரும்பு செல்லும்."

திரும்பும்போது உச்சி வெயில். ஷைபானியின் கூடாரத்துக்கு முன்னால் கழுதை கட்டியிருந்தது. வண்டியை நிறுத்தி, கோலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கழுதையின் வலப்பக்கமும் பார்த்தேன், இடப்பக்கமும் பார்த்தேன். அவருடையதுதான்.

மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்றார் வாப்பா. மூஞ்சி வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மருமகள் எட்டிப் பார்த்தாள். என் கையிலிருந்த கோலைப் பார்த்தாள்.

"இதுவும் துருப்பிடிச்ச கம்பியா?" என்றாள்.

"இல்ல. புதுசு."

"எழுப்பவா?"

"தானா எந்திரிக்கட்டும்."

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கோலை மடியில் வைத்துக்கொண்டேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஷைபானி புரண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"யாரது?"

"எப்னு மக."

"எந்த எப்னு?"

ஐம்பத்து மூன்று வருஷமாகக் கிடாயும் நெய்யும் பாலும் வாங்கிய வீடு கேட்கிறது. காது எப்னு என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும்.

"பத்தாஹ் மகன் எப்னு," என்றேன். "போன வியாழக்கிழமை உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்ல வர்றதா இருந்தாரு."